தலையில் வைத்த கை

“உங்கப்பன் உன் தலையில கை வெச்சே நிறுத்தல. ஊரான் ஊட்டு ஆம்பள உன் பேச்சக் கேட்டா நிறுத்தப் போறான்?”

அம்மா இதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ராகி மாவு சலித்துக்கொண்டே. ஓசூரில் குடிநோய் ஆலோசகர் பயிற்சியில் சேரப் போகிறேன் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். அதற்காக எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த தரப் பரிசோதனை வேலையை விடப் போகிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

“கம்பெனி பஸ்சு ஊருக்குள்ளயே வருது. அத்த உட்டுட்டு, குடிகாரனுங்க கூட உக்காந்து பேசறதுக்கு ஒரு படிப்பா?”

“அதுக்கும் படிக்கணும்மா.”

அம்மா சல்லடையைத் தட்டினாள். “டேபிளு குடுப்பாங்களா?”

“குடுப்பாங்க.”

அந்தப் பதிலில் கொஞ்சம் சமாதானமானாள். அம்மா ரோஜா வளர்க்கும் பாலித்தீன் செட்டில் பூ வெட்டுகிறவள். காலையில் செட்டுக்குள் நுழையும்போது, டேபிளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வந்தவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார். படிப்பு என்றால் அந்த டேபிளுக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவது. அம்மாவுக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிக் கல்லூரியில் சமூகப்பணியும் படித்தேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்பா கிரானைட் யார்டில் கல் ஏற்றுகிறவர். வீட்டில் சண்டை முடிந்த ஒவ்வொரு முறையும் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்துவாள். அவர் என் தலையில் கை வைத்து, “இவ மேல சத்தியமா இனி தொட மாட்டேன்” என்பார். கல்தூள் வாசம் அடிக்கும் கனமான கை. நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருமுறை, “தமிழ்நாட்டு மண்ணுல ஒரு சொட்டு தொட மாட்டேன்” என்று வார்த்தையை மாற்றினார். அந்த வாரமே கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து, சத்தியம் பத்திரமாக இருக்கிறது என்றார். அன்றைக்கு அம்மாவே சிரித்துவிட்டாள்.

பயிற்சி நடந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய வாடகை வீட்டில். முதல் நாள் புது நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. டேபிள் இல்லை. ஆலோசனை நடக்கும் உள் அறையையும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இரண்டு நாற்காலிகள்தான்.

பயிற்சி தருகிறவர் என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். தமிழைக் கன்னட ஓசையோடு பேசுவார். நான் எழுந்து நின்று “மேடம்” என்றேன். “அக்கான்னா சாகு, போதும்மா” என்றார். சாகு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். அக்கா என்ற சொல் இங்கே தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றுக்கும் பொது என்பதால் அதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

“நோட்ட மூடி வெச்சிடுங்க. இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்ல. ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க. ஒருத்தர் பத்து நிமிஷம் பேசணும். இன்னொருத்தர் கேக்கணும். கேள்வி கேக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. முடிஞ்சப்புறம், கேட்டத அவங்களுக்கே திருப்பிச் சொல்லணும். அவங்க ‘ஆமா, அதான் சொன்னேன்’னு சொன்னா பாஸ்.”

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு லேத் ஆபரேட்டர், நாற்பதைத் தாண்டியவர். முன்பு குடித்துக்கொண்டிருந்தவர், நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. மகள் தன்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை என்று ஆரம்பித்தார். “நீங்க அவளுக்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கிக் குடுங்கண்ணா” என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் நிறுத்திவிட்டு, “முடிஞ்சுதுங்களா மேடம்? நான் இன்னும் கதைக்கே வரல” என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த வாரம் முழுவதும் நான் பாஸ் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் தோற்ற முதல் பாடம் அதுதான்.

மற்றவர்கள் பேசும்போது அக்கா எப்படிக் கேட்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருப்பேன். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு கொஞ்சம் முன்னால் சாய்வார். அவ்வப்போது “ஹௌதா” என்பார். அப்படியா என்பதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை. அதற்கு மேல் எதுவும் பேச மாட்டார். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள், வீட்டில் சொல்லாததை எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களையும் அவர் அப்படித்தான் நடத்தினார். தாமதமாக வந்தால் ஏன் என்று கேட்டதில்லை. “வழியில என்ன ஆச்சு?” என்பார். சானமாவு காட்டிலிருந்து யானைக்கூட்டம் ரோட்டில் இறங்கி பஸ் நின்ற நாளில், நான் யானைக் கதையை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை வகுப்பு காத்திருந்தது.

மூன்றாம் மாதம் என்னிடம் முதல் ஆளை ஒப்படைத்தார்கள். உள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் பேசுவோம். பேசியதை அன்றே நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, சனிக்கிழமை வட்டத்தில் படிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அவர் தென்மாவட்டத்திலிருந்து வந்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். இரண்டு முறை குடித்துவிட்டு ஷிஃப்டுக்கு வந்து மாட்டிக்கொண்டார். ஆலோசனைக்குப் போய்வந்தால் பார்க்கலாம், இன்னொரு முறை சொல்லாமல் லீவு போட்டால் வேலை இல்லை என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள், வாடகை வீடு. அந்த வேலை போனால் மூவரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்பவாச்சும் குடிச்சிருக்கீகளா?”

“இல்லைங்க.”

“அப்ப என்னத்தப் பேச?”

“நீங்க பேசுங்க, நான் கேக்கறேன்.”

நன்றாகவே கேட்டேன். அவர் மகளைப் பற்றியே பேசினார். ‘ழ’ சொல்ல வராமல் வாழைப்பழம் கேட்பாளாம். அவர் சொல்லிக் காட்டியபோது இருவருமே சிரித்தோம். அந்த வாரம் படித்த அறிக்கையைக் கேட்டு அக்கா தலையசைத்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

இரண்டாவது சந்திப்பின் கடைசியில் அவர், “நிறுத்திருவேன் மேடம்” என்றார். நான் அங்கேயே விட்டிருக்க வேண்டும். என் முதல் ஆள், இரண்டே சந்திப்பில் நிறுத்திவிட்டார் என்று அம்மாவிடம் சொல்வது போல ஒரு காட்சி கண்ணுக்குள் ஓடியது.

“நிச்சயமா?” என்றேன்.

“நிச்சயமா.”

“அப்ப பாப்பா மேல சத்தியம் பண்ணுங்க.”

அவர் போன் தொடைமேல் கிடந்தது. அதைத் தட்டினார்; திரையில் மகள் ரிப்பன் கட்டிய ரெட்டை ஜடையோடு நின்றாள். அவள் தலைமேல் உள்ளங்கையை வைத்தார். “பிள்ள மேல சத்தியம்” என்றார். கை பட்டதில் திரையில் என்னென்னவோ திறந்து மூடியது.

அன்று மாலை அறிக்கை எழுதும்போது அந்த இடத்தில் பேனா நின்றது. அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. “வாடிக்கையாளர் உறுதியான முடிவெடுத்தார்” என்று எழுதினேன். சனிக்கிழமை அதைப் படித்தபோது அக்கா “ஹௌதா” என்றார். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மூன்றாவது சந்திப்புக்கு அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அவர் மனைவி மையத்துக்குக் கூப்பிட்டார். நான்தான் எடுத்தேன்.

“புள்ளைக்குக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரியில வச்சிருக்கோம். டெங்குன்னு சொல்றாக. இவரு வார்டுக்குள்ளயே வர மாட்டேங்காரு. நாந்தான் புள்ளயக் கொன்னேன், நாந்தான் கொன்னேன்னு வாசல்லயே உக்காந்து குடிக்காரு. கம்பெனிக்கும் சொல்லல. சத்தியம் வாங்கினீகளாமே மேடம். அத மீறி அத்திப்பள்ளி போயிக் குடிச்சிருக்காரு. மறுநாளு புள்ளைக்குக் காய்ச்சல்.”

“பாப்பாவுக்கு இது தெரியுமாங்க?” என்றேன். ஏன் அதை முதலில் கேட்டேன் என்று அப்போது எனக்கே புரியவில்லை.

“அவ முன்னாலதான பேசிக்கிட்டோம்.”

போனை வைத்ததும் எனக்கு ஒன்பது வயதில் வந்த டைபாய்டு ஞாபகம் வந்தது. பாயில் படுத்திருக்கிறேன். அம்மா வாசலில் யாரிடமோ, “அவரு பண்ண சத்தியந்தான் இவள அரிக்குது” என்கிறாள். சாவேன் என்ற பயம் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரியதாக இன்னொன்று இருந்தது. அப்பாவுக்கு என் தலையையும் தெரியும், பாட்டிலையும் தெரியும். இரண்டையும் வைத்துப் பார்த்து அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். காய்ச்சல் போய்விட்டது. அந்த நினைப்பு நான் கல்லூரி முடிக்கும்வரை போகவில்லை. அதைச் சுமந்து வளர்ந்தவளே இன்னொரு குழந்தையின் தலைமேல் ஒரு கையை எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா உள் அறையில் இருந்தார். போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியத்தையும், அறிக்கையில் மறைத்த வரியையும். “நாளையிலிருந்து வரல அக்கா. நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்” என்றேன்.

“உக்காருமா.”

உட்கார்ந்தேன். எதிரில் டேபிள் இருந்திருந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். அவர் முழங்கையைத் தொடையில் ஊன்றினார். நான் டைபாய்டு கதையைச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. “ஹௌதா” என்றார் இரண்டு முறை. முடித்ததும், நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார். “அப்பா தெரிஞ்சே தன்ன விட்டுட்டார்னு அந்தப் பொண்ணு நெனச்சா. யார் கிட்டயும் கேக்க முடியல.”

“ஆமா” என்றேன். “அதான்.”

கொஞ்ச நேரம் அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

“இப்ப நான் என்ன பண்ணணும் அக்கா?”

“நான் சொன்னா நீ பண்ணிடுவே. நல்ல ஸ்டூடண்ட் நீ. ஆனா அங்க போய் நிக்கப் போறது நீ தானே. உனக்கு என்ன தோணுது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கதவருகே லேத் ஆபரேட்டர் அண்ணன் நின்றிருந்தார். டீ வாங்கிக்கொண்டு வந்தவர் கடைசிப் பகுதியைக் கேட்டிருக்கிறார்.

“மேடம், சத்தியம் பலிக்கறதா இருந்தா எம் பொண்ணு தலையில இன்னேரம் ஒத்த முடி இருக்கக் கூடாது. அத்தன தடவ அவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். அவ இடுப்பு வரைக்கும் ஜடை போட்டுகினு சுத்தறா. போயி அந்தாளு கிட்ட சொல்லுங்க.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்தபோதுதான், என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையை ஒட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவாகவே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“தப்பு என்னோடதுங்க. அந்தச் சத்தியத்த நான் கேட்டிருக்கவே கூடாது. மன்னிச்சிடுங்க.”

“கேட்டது நீங்க. பண்ணுனது நான்லா. சொன்ன வார்த்தைய யாரு திரும்ப எடுக்க முடியும்?”

“எடுக்க முடியாதுங்க. ஆனா அது ஒண்ணும் செய்யாது.”

“எப்படிச் சொல்லுதீக?”

“எங்கப்பா என் தலைமேல சத்தியம் பண்ணிப் பண்ணி உடைச்சவரு.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “எத்தன தடவ?”

“எண்ணல. பள்ளிக்கூடம் சேந்ததுல இருந்து காலேஜ் போற வரைக்கும். ஒண்ணு விடாம உடைச்சாரு.”

“ஒனக்கு ஒண்ணும் ஆவலயா?” மேடமும் மரியாதையும் அவர் வாயிலிருந்து போயிருந்தன.

“டைபாய்டு வந்துச்சு. தண்ணியால வந்தது. மருந்து குடுத்தாங்க, போயிடுச்சு. இதோ, உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வகிடு, கிளிப், வெயிலில் வந்ததால் நெற்றியில் ஒட்டிய முடி. வேறு எங்கும் அப்படி ஒருவர் பார்த்திருந்தால் எழுந்து போயிருப்பேன். அன்றைக்கு, பார்க்கட்டும் என்று அசையாமல் இருந்தேன்.

“அப்ப எதுக்குத் தாயி எங்கிட்ட கேட்ட?”

“உங்கள நம்பத் தெரியல. என்ன நம்பவும் தெரியல. எங்க வீட்ல நான் கத்துக்கிட்டது அது ஒண்ணுதான்.”

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் இன்னும் ஒன்று சொன்னேன். “பாப்பா இப்ப என்ன நெனச்சுட்டுப் படுத்திருக்கும்னு எனக்குத் தெரியும். அது யார் கிட்டயும் கேக்காது. நீங்களே போய்ச் சொல்லணும், காய்ச்சல் கொசுவால வந்ததுன்னு.”

“குடிச்ச வாயோடயா?”

“நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, எங்கப்பா எந்த வாயோட வந்து சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன்.”

குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், வாய் கொப்பளித்தார். வார்டு வாசல்வரை நானும் போனேன். உள்ளே அவர் கட்டில் அருகே குனிந்து என்னமோ சொல்வதும், குழந்தை சுவரில் எதையோ தேடுவதும் தெரிந்தது. அவர் மனைவி வெளியே வந்து, “எந்தக் கொசுன்னு கேக்கா” என்றார். சிரிக்க முயன்று அழுதுவிட்டார்.

அன்று மதியமே அவர் கம்பெனிக்குப் போன் செய்தார். மறுநாள் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு போய்ப் பேசினோம். பர்சனல் அதிகாரி நீண்ட நேரம் சீட்டையே பார்த்துவிட்டு, சொல்லாமல் எடுத்த லீவாக இதை எழுதவில்லை என்றார். குழந்தை அந்த வார இறுதியில் வீடு திரும்பினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மூன்றாவது சந்திப்புக்கு வந்தார். அதன்பின் ஒருமுறை தவறிக் குடித்துவிட்டார். தவறிய மறுநாளே வந்து, தானாகச் சொல்லி, சிகிச்சையில் சேர்ந்தார். இப்போது ஐந்து மாதமாகத் தொடவில்லை. நாளைக்கு எப்படி என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வாழைப்பழத்தில் ‘ழ’ வந்துவிட்டதாம். அதில் அவருக்கு வருத்தம்.

அறிக்கையில் விட்ட வரியை, குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரச் சனிக்கிழமையே வட்டத்தில் படித்தேன். படித்து முடித்தபோது ஒருவரும் புத்தி சொல்லவில்லை. நான் பயிற்சியை முடித்து அதே மையத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். போன மாதம் அக்கா, புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு முதல் வார வகுப்பை என்னை எடுக்கச் சொன்னார். அந்த அறிக்கையையே பாடமாக வைக்கலாமா என்று பிரஸ் ஓட்டும் அவரிடம் கேட்டேன். இதை இங்கே எழுதவும் அப்போதே அனுமதி வாங்கிக்கொண்டேன். “போன்ல கை வச்சத விட்டுராதீக” என்றார். “அதத்தான முதல்ல விட்டீக.”

வகுப்புக்கு இன்னொருவரும் வேண்டும் என்று எனக்குப் பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் டைபாய்டு கதையை முதல்முறையாகச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“நானா அப்டி சொன்னேன்?”

“சொன்னே.”

“உங்கிட்ட சொல்லலியே.”

“எனக்குக் கேட்டுச்சு.”

மறுபடி பூண்டை எடுத்து ஒரு பல் உரித்தாள். பிறகு, “வேற என்னா பண்றது பாப்பா. என் கையில இருந்தது நீ ஒருத்தி தான்” என்றாள். நான் புத்தி சொல்லவில்லை. அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்து, “ஆமா, அதான் சொன்னேன்” என்றாள். எனக்கு அது பாஸ்.

“புதுசா வர்ற பசங்க முன்னாடி வந்து பத்து நிமிஷம் பேசறியா? உன் பேச்சக் கேட்டு அவங்க கத்துக்கணும்.”

“எனக்கு என்னா தெரியும்? கையெழுத்தே வராது.”

“எழுத ஒண்ணும் இல்லம்மா. நோட்டெல்லாம் மூடி வெச்சிடுவாங்க.”

“டேபிளு இருக்குதா?”

“இல்ல. நாற்காலிதான். உனக்கும் அதே நாற்காலி.”

யோசிக்கிறேன் என்றாள். மறுநாள் காலை, “சரி, வரேன்” என்றாள். பூவுக்குக் கிராக்கி உள்ள கல்யாண முகூர்த்தச் சமயத்தில் அவளாக லீவு கேட்க மாட்டாள் என்பதால், அவளோடு ரோஜா செட்டுக்குப் போனேன். டேபிளுக்குப் பின்னால் இருந்தவரிடம், புதன்கிழமை அம்மா ஓசூரில் வகுப்பு எடுக்கப் போகிறாள், வர மாட்டாள் என்று சொன்னேன். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று குறித்துக்கொண்டார்.